ஓசிக் கார் என்று ஒன்று இல்லை

விபத்துக்குப் பின் ‘இலவசம்’ என்று நம்பி வாடகைக் கார் எடுத்தவர்களின் வழக்கில், சட்டத்தரணியான என் மேசைக்கு இந்த ஆண்டில் வந்த மூன்றாவது கோப்பு இது. எதிரே அமர்ந்தவர் முதலில் கேட்டதும் அதே கேள்விதான்: “தோற்றாலும் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை என்றுதானே சொன்னார்கள்?”

லண்டன் நார்த் சர்க்குலர் சாலையில் பின்னால் வந்த வேன் இடித்திருக்கிறது. மறுநாளே ஒரு நிறுவனம் வாசலில் காரைக் கொண்டுவந்து நிறுத்த, இவர் டேப்லெட்டில் விரலால் கையெழுத்திட்டார். 74 நாட்கள் ஓட்டினார். வாடகை 11,000 பவுண்டைத் தாண்டியது. காயமோ இரண்டு மாதக் கழுத்து வலி. அதற்கு இங்கே சட்டம் வைத்திருக்கும் விலை 300 பவுண்டுகூட இல்லை. குறுக்கே புகுந்து பிரேக் போட்டவர் இவர்தான் என்று நீதிபதி முடிவுசெய்தார். வழக்கு தோற்றது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2013 ஏப்ரல் முதல் ஒரு விதி இருக்கிறது: காயத்துக்கு நட்டஈடு கேட்டுத் தோற்றவர், பொதுவாக எதிர்த்தரப்பின் வழக்குச் செலவைக் கட்ட வேண்டியதில்லை. காயத்துக்கு! காருக்கு அல்ல. கழுத்து வலி என்ற குடையை விரித்துவிட்டால் வாடகையும் அதன் கீழ் நனையாமல் நிற்கும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. காயமும் வேறு கோரிக்கையும் கலந்த வழக்கில் பாதுகாப்பு தானாக வராது, எவ்வளவு என்பது நீதிபதியின் முடிவு என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2019இலேயே சொல்லிவிட்டது. கடன் வாடகை, அதாவது காரை இப்போது கொடுத்து வாடகையைப் பின்னர் எதிர்த்தரப்பிடம் கேட்பது, இன்னொருவரின் லாபத்துக்கான கோரிக்கை என்று விதிகளின் நடைமுறைக் குறிப்பே உதாரணம் காட்டுகிறது. அத்தகைய கோரிக்கைக்கும் பாதுகாப்பு உறுதியில்லை. செலவை வாடகை நிறுவனத்தின் தலையில் கட்டவும் நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. மொத்தக் கோரிக்கை 10,000 பவுண்டுக்குள் இருந்திருந்தால் இந்த வழக்கு சிறுகோரிக்கைப் பிரிவில் முடிந்திருக்கும். அங்கே தோற்றவர் தலையில் பெரிய செலவு விழுவது அரிது. அந்த எல்லையைத் தாண்டவைத்ததே வாடகைதான்.

கடன் வாடகையை நியாயப்படுத்த “வேறு கார் எடுக்கக் கையில் பணமில்லை” என்று எழுதித் தருமுன் யோசியுங்கள். மூன்று மாத வங்கிக் கணக்கைக் கேட்பார்கள். சென்ற ஆண்டு ஒருவர் அப்படி எழுதிக் கொடுத்தார். சீட்டு எடுத்த பணம் மற்றக் கணக்கில் கிடந்தது. மறந்துவிட்டாராம். அடிப்படையிலேயே நேர்மையற்ற வழக்கு என்று நீதிபதி கண்டால், காயத்துக்கான பாதுகாப்பும் பறிபோகலாம்.

முதலில் உங்கள் சொந்தக் காப்புறுதியில் மாற்றுக் கார் உண்டா என்று கேளுங்கள். வீட்டில் இரண்டாவது கார் சும்மா நிற்கிறதென்றால் வாடகைக் கார் எதற்கு? திருத்தம் முடிந்த அன்றே திருப்பிக் கொடுங்கள். தோற்றால் வாடகையையும் எதிர்த்தரப்பின் செலவையும் யார் கட்டுவது என்று எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னது செல்லாக்காசு. ஒப்பந்தம் புரியவில்லையா? கையெழுத்திடும் முன் ஒரு சட்டத்தரணியிடம் கொண்டுபோங்கள். என்னிடமே வந்தாலும் சரி. பத்து நிமிடம் வாசித்துச் சொல்ல நான் பணம் வாங்குவதில்லை.