ஷேக்கருக்குள் பூஜ்ஜியத்துக்குக் கீழே

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வீட்டில் டைகிரி காக்டெய்ல் கலக்கிப் பார்த்தேன். ஷேக்கரில் ஐஸோடு குலுக்கி முடித்ததும் சமையலறைத் தெர்மாமீட்டரை உள்ளே விட்டால் மைனஸ் 5 டிகிரி காட்டுகிறது. நான் போட்ட ஐஸோ ஈரம் சொட்டச் சொட்ட உருகிக்கொண்டிருந்த ஐஸ், அதாவது 0 டிகிரி. 0 டிகிரியில் இருக்கும் ஒன்று எப்படி இன்னொன்றை மைனஸ் 5-க்கு இறக்கும்? தெர்மாமீட்டர் கெட்டுப்போய்விட்டதா?"

தெர்மாமீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. சூடு எப்போதும் சூடானதிலிருந்து குளிர்ந்ததற்குத்தான் போகும் என்று பள்ளியில் படித்தவர்களுக்கு இது உறுத்த வேண்டும். உறுத்தாதவர்கள்தான் பாடத்தை மனப்பாடம் செய்தவர்கள்.

முதலில் தெரிந்த விஷயத்தை வேகமாகக் கடந்துவிடுவோம். டைகிரி என்பது 60 மில்லி வெள்ளை ரம், 25 மில்லி எலுமிச்சைச் சாறு, 20 மில்லி சர்க்கரைப் பாகு. அவ்வளவுதான். கோலாலம்பூர் சமையலறையில் மூன்றும் 30 டிகிரியில் இருக்கும். படிவம் 4 வேதியியலில் நாஃப்தலீனை உருக்கி வரைபடம் போட்டது நினைவிருக்கிறதா? உருகும்போது வெப்பநிலைக் கோடு ஏறாமல் படுத்துக்கிடக்கும். உள்ளே போகிற வெப்பமெல்லாம் உருகுவதற்கே செலவாகிறது. ஐஸுக்கு அந்தச் செலவு மிகப் பெரியது: ஒரு கிராம் உருக 334 ஜூல். ஒரு கிராம் தண்ணீரை 80 டிகிரியிலிருந்து 0 வரை குளிரவைத்தால் எவ்வளவு வெப்பத்தை எடுக்க வேண்டுமோ, அவ்வளவு.

ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் ஐஸ் 0-க்கு வருவதற்குள் உறிஞ்சுவது சுமார் 38 ஜூல் மட்டுமே. ஆக, பானத்தைக் குளிரவைப்பது ஐஸின் குளிர்ச்சி என்பதைவிட ஐஸ் உருகுவதுதான் என்று சொல்ல வேண்டும். பேரங்காடிகளில் அழகான மரப்பெட்டியில் போட்டு விற்கும் மாக்கல் கட்டிகளை இந்தக் கணக்கோடு பாருங்கள். ஃப்ரீசரில் வைத்து விஸ்கியில் போட வேண்டுமாம், தண்ணீர் கலக்காதாம். கலக்காதுதான், கல் உருகாதே! ஒரு கிராம் கல் 0 டிகிரிக்கு வருவதற்குள் 20 ஜூல்கூட எடுக்காது. பிறந்தநாள் பரிசாக வந்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், காசு கொடுத்து வாங்காதீர்கள்.

சரி, இப்போது மைனஸ் 5-க்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ஐஸின் மேற்பரப்பு அசையாமல் இருப்பதாகக் கண்ணுக்குத் தெரிகிறது. உண்மையில் அங்கே ஓயாத போக்குவரத்து. நீர் மூலக்கூறுகள் ஐஸிலிருந்து பிய்த்துக்கொண்டு திரவத்துக்குள் போகின்றன. அதே நேரத்தில் திரவத்திலிருக்கும் மூலக்கூறுகள் வந்து ஐஸில் ஒட்டிக்கொள்கின்றன. வெறும் தண்ணீரில், 0 டிகிரியில், போவதும் வருவதும் சரிசமம். அதனால் ஐஸ் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

பத்துமலைப் படிகளை நினைத்துக்கொள்ளுங்கள் (இந்த விஷயத்துக்குப் போய் இந்த உதாரணமா என்று கோபிக்க வேண்டாம்). நிமிடத்துக்கு நூறு பேர் ஏறி, நூறு பேர் இறங்கினால் மேலே குகையில் இருக்கும் கூட்டம் மாறாது. இப்போது அடிவாரக் கூட்டத்தில் பாதிப் பேர் கடைக்காரர்களும் புகைப்படக்காரர்களும் என்று வைப்போம். அவர்கள் படியேறப் போவதில்லை, ஆனால் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஏறுபவர் எண்ணிக்கை குறைந்துவிடும். மேலிருந்து இறங்குபவருக்கோ அடிவார நிலவரம் தெரியாது. பழைய வேகத்திலேயே இறங்குவார்கள். குகை மெல்லக் காலியாகும்.

ரம்மில் இருக்கும் ஆல்கஹால் மூலக்கூறுகள்தான் அந்தக் கடைக்காரர்கள். ஐஸின் படிக வரிசையில் அவற்றுக்கு இடம் கிடையாது. திரவத்தில் அவை இருக்கும் அளவுக்கு, ஐஸில் வந்து ஒட்டும் நீர் மூலக்கூறுகள் குறைகின்றன. ஐஸை விட்டுப் போவது மட்டும் குறையவில்லை. ஆகவே 0 டிகிரியிலும் ஐஸ் உருகிக்கொண்டே போகும். உருகுவதற்கு அந்த 334 ஜூல் வேண்டுமே, எங்கிருந்து வரும்? சுற்றியிருக்கும் திரவத்திலிருந்தும் ஐஸிலிருந்தும்தான். இரண்டும் சேர்ந்து 0-க்குக் கீழே இறங்குகின்றன. வாசகரின் 0 டிகிரி ஐஸும் உள்ளே போனபின் 0 டிகிரியில் இருக்கவில்லை, அதுவும் மைனஸுக்குப் போய்விட்டது. வெப்ப விதி எதுவும் உடையவில்லை.

எதுவரை இறங்கும்? குளிரக் குளிர ஐஸை விட்டுப் பிய்த்துக்கொண்டு போகும் வேகமும் மந்தமாகும். போவதும் வருவதும் மறுபடி சமமாகும் இடத்தில் நின்றுவிடும். அந்த இடம் எங்கே என்று கணக்குப் போட முடியும் என்பதுதான் இதில் இன்னும் அழகு. தண்ணீரில் உப்பைக் கூட்டக் கூட்ட அதே விகிதத்தில் உறைநிலை இறங்குகிறது என்று ஆங்கிலேய விஞ்ஞானி சார்ல்ஸ் பிளாக்டென் 1788-இல் காட்டினார். 1880-களில் பிரெஞ்சு வேதியியலாளர் ஃபிரான்சுவா-மரி ரவுல் அதைப் பல பொருள்களுக்கும் விரித்தார். கரைந்திருப்பது என்ன பொருள் என்பது முக்கியமில்லை, எத்தனை துகள் என்பதுதான் முக்கியம். ஒரு கிலோ தண்ணீரில் 46 கிராம் ஆல்கஹால் போட்டாலும் 342 கிராம் சர்க்கரை போட்டாலும் துகள்களின் எண்ணிக்கை ஒன்றுதான். உறைநிலை இறங்குவதும் ஒரே அளவு, 1.86 டிகிரி. நம் டைகிரியில் ஆல்கஹால் சுமார் 19 கிராம், உருகிய ஐஸையும் சேர்த்தால் தண்ணீர் சுமார் 110 கிராம். கணக்கு மைனஸ் 7 பக்கம் வருகிறது. கையின் சூடு, பாத்திரத்தின் சூடு எல்லாம் போக வாசகருக்கு மைனஸ் 5 கிடைத்திருக்கிறது. நல்ல அளவீடு.

ஒரு தெர்மாமீட்டர், கொஞ்சம் ஐஸ், கைப்பிடி உப்பு இருந்தால் இதையெல்லாம் எந்த வகுப்பறையிலும் செய்துகாட்டலாம். ஆனால் போட்டிக்கும் புகைப்படத்துக்கும் ரோபோ பெட்டி வாங்கக் காசு இருக்கிற பள்ளிகளில், ஆளுக்கொரு தெர்மாமீட்டர் இருப்பதில்லை. இது என் ஆதங்கம், விடுங்கள்.

கலக்குபவருக்கு இதனால் என்ன பயன்? உருகாமல் குளிராது என்றால், குளிரும் நீர்ப்பும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதவை. 105 மில்லி டைகிரியை 30-இலிருந்து மைனஸ் 5-க்கு இறக்க ஏறக்குறைய 40 கிராம் ஐஸ் உருக வேண்டும். 23 சதவீத ஆல்கஹால் 16 சதவீதப் பக்கம் வரும். பழைய செய்முறைகள் இந்தத் தண்ணீரையும் எதிர்பார்த்தே எழுதப்பட்டவை. நல்லதென்று நினைத்து ரம், சாறு, பாகு மூன்றையும் ஃப்ரிட்ஜில் 4 டிகிரிக்குக் குளிரவைத்துக் குலுக்கினால் 10 கிராம் சொச்சம்தான் உருகும். பானம் 21 சதவீதத்தில் நின்று தொண்டையை எரிக்கும். நம் ஊரில் எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு. பையில் வாங்கிவந்த டியூப் ஐஸ் மேசையில் ஐந்து நிமிடம் இருந்தாலே மேலெல்லாம் தண்ணீர். அந்தத் தண்ணீர் ஏற்கனவே உருகிவிட்டது, இனி பெரிதாகக் குளிரவைக்காது, சப்பென்று ஆக்க மட்டும் செய்யும். ஷேக்கரில் ஐஸைப் போட்டதும் நீரை வடித்துவிட்டு அப்புறம் ரம்மை ஊற்றுங்கள். 12, 15 வினாடி பலமாகக் குலுக்கினால் போதும். சமநிலை வந்தபின் எவ்வளவு குலுக்கினாலும் கை வலிதான் மிச்சம்.

"ஐஸ் நிறையப் போட்டால் போதை ஏறாது" என்று விருந்துகளில் ஓர் அண்ணன் கட்டாயம் சொல்வார். ஊற்றிய ஆல்கஹால் முன்பும் 24 மில்லி, பின்பும் 24 மில்லி. குளிரில் காரம் தெரியாததால் கிளாஸ் இன்னும் சீக்கிரம் காலியாகும், அவ்வளவுதான். வெயிலில் குடித்தால் உடல் நீரையும் இழக்கும். பக்கத்தில் வெறும் தண்ணீர் ஒரு ஜக் இருக்கட்டும்.

டைகிரி அலுத்துவிட்டால் நம் ஊர்ச் சரக்கு ஒன்று இருக்கிறது: ஜங்கிள் பேர்ட். 1970-களில் கோலாலம்பூர் ஹில்டன் ஹோட்டலின் மதுக்கூடத்தில் பிறந்து, இன்று உலகம் முழுக்கக் கலக்கப்படுவது. 45 மில்லி கறுப்பு ரம், 20 மில்லி கம்பாரி (கசப்பான இத்தாலிய மதுபானம்), 45 மில்லி அன்னாசிச் சாறு, எலுமிச்சைச் சாறும் பாகும் தலா 15 மில்லி. அன்னாசிச் சாறு புதிதாகப் பிழிந்ததாக இருந்தால், குலுக்கும்போது மேலே நல்ல நுரை கட்டும். பாகைக் குறைக்காதீர்கள். குளிரில் நாக்குக்கு இனிப்பு மந்தமாகத்தான் தெரியும், கம்பாரியின் கசப்பு தனியாகத் துருத்தும்.

குடிப்பழக்கம் இல்லாதவர்கள் உப்பை வைத்து இதையே பார்க்கலாம். ஒரு பங்கு உப்பு, மூன்று பங்கு நொறுக்கிய ஐஸ். உப்பு தண்ணீரில் இரண்டு துகளாகப் பிரிவதால் ஆல்கஹாலைவிட வேகமாக இறக்கும், மைனஸ் 21 வரைக்கும் போகலாம். இறுக்க மூடிய பையில் இனிப்புப் பாலை ஊற்றி அதற்குள் புதைத்துக் குலுக்கினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஐஸ்கிரீம். பையைத் துணி சுற்றிப் பிடியுங்கள், அந்தக் குளிர் தோலைப் புண்ணாக்கிவிடும்.