சென்சார் கேட்பவர்களும், கேட்காமலே போய்விடுகிறவர்களும்

கையில் ஒட்டிக்கொள்ளும் குளுக்கோஸ் சென்சாருக்கு அரசு பணம் கொடுக்குமா என்று கேட்டு வருகிறவர்கள் இப்போது நிறைய பேர். அவர்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. விதிமுறையை அவர்களே படித்திருப்பார்கள், படிவத்தையும் கையோடு எடுத்து வந்திருப்பார்கள். என் கவலையெல்லாம் கேட்காதவர்களைப் பற்றித்தான். வருடக்கணக்காக இன்சுலின் போட்டுக்கொண்டு, அடிக்கடி சர்க்கரை தாழ்ந்து தடுமாறி, அப்படியும் "பெரிசா ஒண்ணும் இல்ல டாக்டர்" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறவர்கள். பொதுப் பணத்தில் தரப்படும் சென்சார் முதலில் போய்ச் சேர வேண்டியது அவர்களுக்கு. பல நேரம் கடைசியாகத்தான் போய்ச் சேருகிறது.

சென்சாரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோலுக்கு அடியில் மயிரிழை போன்ற ஒரு மெல்லிய இழை இருக்கும். அது ரத்தத்தை அளப்பதில்லை. செல்களுக்கு இடையே உள்ள திரவத்தில் இருக்கும் குளுக்கோஸை அளக்கிறது. அதனால் ரத்தத்தில் உள்ள அளவுக்குச் சில நிமிடங்கள் பின்தங்கியே காட்டும். சர்க்கரை வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும், உடம்பு சொல்வதும் திரை சொல்வதும் ஒத்துப்போகாதபோதும் விரலில் குத்திப் பார்த்துத்தான் ஆக வேண்டும். ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அளக்கும் சென்சார் ஒரு நாளில் 288 அளவுகளைத் தருகிறது. தூங்கும் நேரமும் அதில் அடக்கம். விரல் குத்திப் பார்ப்பதில் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் நள்ளிரவு இரண்டு மணிக்கு என்ன நடந்தது என்பது தெரியாது.

நிதி கேட்பவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை. 1993இல் வெளியான டிசிசிடி ஆய்வு, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் கண், சிறுநீரகம், நரம்பு பாதிப்புகள் குறையும் என்று காட்டியதிலிருந்து அந்த எண்தான் எங்களுக்கு அளவுகோல். அது நல்ல அளவுகோல்தான். ஆனால் அது இரண்டு மூன்று மாதச் சராசரி. ஒருவருக்கு நாள் முழுக்க 150 பக்கம் நின்றாலும், இன்னொருவருக்கு 50க்கும் 280க்கும் இடையே ஊசலாடினாலும், இருவருக்கும் எச்பிஏ1சி கிட்டத்தட்ட 7 என்றே வரலாம். "எச்பிஏ1சி நன்றாக இருக்கிறதே, சென்சார் எதற்கு?" என்று விண்ணப்பம் திரும்பி வருவது இந்த இரண்டாவது ஆளுக்குத்தான். அதனால்தான் 2019இல் சர்வதேச நிபுணர் குழு வேறொரு கணக்கைப் பரிந்துரைத்தது. டைப் 1 (உடம்பில் இன்சுலின் சுரப்பது கிட்டத்தட்ட நின்றுபோன வகை), டைப் 2 (இன்சுலின் சரியாக வேலை செய்யாத, அதிகம் பேருக்கு வரும் வகை) நீரிழிவு உள்ள பெரும்பாலான பெரியவர்களுக்கு நாளில் 70 சதவீதத்துக்கு மேற்பட்ட நேரம் சர்க்கரை அளவு 70 முதல் 180 மி.கி./டெ.லி.க்குள் இருக்க வேண்டும். 70க்குக் கீழே இருக்கும் நேரம் 4 சதவீதத்துக்குள், அதாவது நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரத்துக்குள். வயதானவர்களுக்கும் மற்றபடி ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கும் அது 1 சதவீதத்துக்குள். கடிதம் எழுதும் மருத்துவர் இந்த மொழியில் எழுதினால், படிக்கிறவருக்கும் சராசரிக்குப் பின்னால் இருப்பது தெரியும்.

அரசுகள் பணம் கொடுக்க முன்வந்ததற்கு ஆதாரம் இருக்கிறது. 2016இல் வந்த இம்பாக்ட் ஆய்வில், சர்க்கரை நன்றாகவே கட்டுக்குள் இருந்த டைப் 1 நோயாளிகளிடம்கூட, சென்சார் போட்ட பிறகு தாழ்சர்க்கரையில் கழியும் நேரம் 38 சதவீதம் குறைந்தது. 2017இல் வந்த கான்செப்ட் ஆய்வில், டைப் 1 உள்ள கர்ப்பிணிகள் சென்சார் பயன்படுத்தியபோது, அளவுக்கு மீறிய எடையோடு பிறக்கும் குழந்தைகளும் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்க வேண்டிய குழந்தைகளும் குறைந்தார்கள். பிரான்ஸில் 2017இல் அரசுக் காப்பீடு சென்சாரை ஏற்றுக்கொண்டது. பிறகு நாடு முழுவதற்குமான காப்பீட்டுப் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது, சென்சார் தொடங்கியவர்கள் கீட்டோஅசிடோசிஸுக்காக (இன்சுலின் போதாமல் ரத்தத்தில் அமிலம் சேரும் ஆபத்தான நிலை) மருத்துவமனையில் சேர்வது பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. செலவுக் கணக்கு பார்க்கிற அதிகாரிக்கு இந்தக் கடைசிச் செய்தியைத்தான் நான் முதலில் சொல்வேன்.

கதவு எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறந்தது. ஆஸ்திரேலியா 2017இல் டைப் 1 உள்ள 21 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கி, 2022 ஜூலையில் டைப் 1 உள்ள எல்லோருக்கும் மானியம் கொடுத்தது. நியூசிலாந்தில் இது 2024 அக்டோபரில் நடந்தது. பிரிட்டனில் 2017 நவம்பரிலேயே ஃப்ரீஸ்டைல் லிப்ரே என்ற சென்சாரை மருத்துவர் எழுதித் தரலாம் என்று ஆனது. ஆனாலும் ஒவ்வொரு வட்டாரமும் தனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டதால், தெருவுக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்குக் கிடைத்தது அந்தப் பக்கம் இருப்பவருக்குக் கிடைக்கவில்லை. 2019 ஏப்ரலில் இங்கிலாந்து முழுவதற்கும் ஒரே விதி வந்தது. 2022 மார்ச்சில், அங்கே சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு டைப் 1 உள்ள எல்லாப் பெரியவர்களுக்கும் சென்சார் தரச் சொன்னது. டைப் 2இல் தினம் பல முறை இன்சுலின் போடுகிறவர்களில் அடிக்கடி தாழ்சர்க்கரை வருகிறவர்கள், அது வருவதை உணர முடியாதவர்கள், உடல் குறைபாட்டால் விரல் குத்திப் பார்க்க முடியாதவர்கள் போன்றோருக்கும் தரச் சொன்னது.

அமெரிக்காவில் முக்கியமாக முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் விதியைப் பற்றி நான் கோபத்தோடுதான் பேசுவேன். தினம் நான்கு முறையாவது விரல் குத்திப் பார்க்கிறவருக்குத்தான் சென்சார் என்று 2021 ஜூலை வரை ஒரு நிபந்தனை இருந்தது. கை நடுங்குகிறவர், பார்வை மங்கியவர், வேலைக்கு நடுவே மீட்டரை எடுக்க முடியாதவர் எல்லாம் அந்த ஒரு வரியில் வெளியே போய்விட்டார்கள். குத்திப் பார்க்க முடியாதவருக்குத்தானே சென்சார் அதிகம் தேவை? அந்த வரியை எடுத்தார்கள். 2023 ஏப்ரலில் இன்சுலின் போடும் எல்லோருக்கும் தகுதி என்று விரித்தார்கள். இன்னும் இப்படி ஒரு நிபந்தனை எங்காவது இருந்தால் மருத்துவர்கள் அதை எதிர்த்து எழுத வேண்டும்.

சரி, விண்ணப்பத்துக்கு வருவோம். அறுபதைத் தாண்டிய ஒருவர், மனைவியோடு வந்திருந்தார். "சமீபத்துல மோசமா லோ ஆச்சா?" என்று கேட்டேன். லோ என்றால் தாழ்சர்க்கரை. "இல்ல டாக்டர், மயக்கமெல்லாம் வரல" என்றார். பக்கத்தில் இருந்த மனைவி மெதுவாகச் சொன்னார்: "ராத்திரி சட்டை நனைஞ்சு போகுது. கூப்பிட்டா பேச்சு குழறுது. நான்தான் எழுப்பி உட்காரவச்சு சர்க்கரை கரைச்சுக் குடுக்கிறேன்." அவர் அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மயங்கி விழுந்தால்தான் கடுமையான லோ என்று நினைத்திருக்கிறார். மருத்துவ வரையறை அப்படி இல்லை. சரிசெய்துகொள்ள இன்னொருவர் உதவி தேவைப்பட்டாலே அது கடுமையான தாழ்சர்க்கரை. மீட்டரில் என்ன எண் இருந்தது என்பதுகூட முக்கியமில்லை. அந்த மனைவி சொன்ன மூன்று வாக்கியங்கள்தான் விண்ணப்பத்தின் உயிர். கூட இருப்பவரைக் கேட்காவிட்டால் அவை ஃபைலுக்கு வரவே வராது.

அதனால் கடிதத்துக்கு வேண்டியது "சர்க்கரை கட்டுக்குள் இல்லை" என்ற பொதுவான வரி அல்ல. எந்தத் தேதி, எத்தனை மணி, மீட்டரில் என்ன அளவு, யார் உதவினார்கள், தெளிய எவ்வளவு நேரம் ஆனது, ஆம்புலன்ஸ் வந்ததா என்று எழுத வேண்டும். நோட்டில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, மீட்டரின் மெமரியிலேயே தேதியோடு இருக்கும். மீட்டரைக் கையோடு கொண்டுவாருங்கள். இன்னொரு கேள்வியையும் நான் விடுவதில்லை: லோ தொடங்கும்போது உங்களுக்குத் தெரிகிறதா? எப்போதும் தெரியும் என்றால் 1, தெரியவே தெரியாது என்றால் 7. கோல்டு ஸ்கோர் என்று பெயர். 4 அல்லது அதற்கு மேல் வந்தால் உடம்பின் எச்சரிக்கை மணி மங்கிவிட்டது என்று அர்த்தம். ஒரே ஒரு கேள்விதான், ஆனால் விண்ணப்பத்தைப் பரிசீலிப்பவர் ஒதுக்கித்தள்ள முடியாத பதில். வண்டி ஓட்டுகிறவரா, உயரத்தில் நின்று வேலை செய்பவரா, தனியாக இருப்பவரா, டயாலிசிஸில் இருப்பவரா என்பதையும் எழுதுங்கள்.

மறுத்துவிட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எந்த விதிப்படி மறுத்தார்கள் என்று தெரிந்தால்தான் விடுபட்டதைச் சேர்த்து மறுபடி அனுப்ப முடியும். கிடைத்துவிட்டால் அப்புறம் வருவது மறுபரிசீலனை. இங்கிலாந்தின் 2019 விதியில் முதல் ஆறு மாதம் சோதனைக் காலம்தான். பல இடங்களில் இது மாதிரி ஒன்று உண்டு. பசை ஒத்துக்கொள்ளாமல் அரிக்கிறது என்றோ அலாரம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்றோ கழற்றி வைத்துவிட்டு, அதை யாரிடமும் சொல்லாமல் இருப்பவர்களுக்குத்தான் நிதி நின்றுபோகிறது. சென்சார் இருக்கும் கை மேல் படுத்துத் தூங்கினால் அழுத்தத்தால் பொய்யான லோ காட்டும் என்பது தெரியாமலே பலர் அலாரத்தை அணைத்துவிடுகிறார்கள். இடத்தை மாற்றி ஒட்டினால் போதும். சொல்லுங்கள், வழி இருக்கிறது.

மாத்திரை மட்டும் போடுகிறவர், லோ வராதவர் கேட்டால், பொதுப் பணத்தில் உங்கள் முறை கொஞ்சம் தள்ளித்தான் என்று நேராகவே சொல்லிவிடுவேன்.

சக மருத்துவர்களுக்கும் நர்ஸ்களுக்கும் ஒரு வேண்டுகோள். நைஸின் 2022 பரிந்துரையில், சென்சாரை யார் பயன்படுத்துகிறார்கள், தகுதி இருந்தும் யார் பயன்படுத்தவில்லை என்று கண்காணித்து, விடுபட்டவர்களைத் தேடிப் போகச் சொல்லும் ஒரு பகுதி இருக்கிறது. அதைச் செய்ய எந்த அரசாணையும் வேண்டாம். உங்களிடம் இன்சுலின் போடும் எல்லோருடைய பட்டியலையும் எடுங்கள். சென்சார் இல்லாதவர்களைத் தனியே பிரியுங்கள். அதில் மொழி தெரியாமல் பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டி வருகிறவர்கள், மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள், செக்கப்புக்கு வராமல் நின்றுபோனவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். பிறகு அவர்களுக்கு நீங்களே போன் செய்யுங்கள்.