பயணிகள் விமானங்கள் ஏன் இன்னும் வேகமாகப் பறப்பதில்லை?

1958 அக்டோபரில் பான் ஆம் நிறுவனம் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்கு போயிங் 707 சேவையைத் தொடங்கியது. அந்த ஜெட் விமானத்தின் வேகத்துக்கும், இன்று அதே அட்லாண்டிக்கைக் கடக்கும் போயிங் 787, ஏர்பஸ் ஏ350 ஆகியவற்றின் வேகத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு இல்லை. இன்றைய நெடுந்தூர விமானங்கள் ஒலியின் வேகத்தில் ஏறத்தாழ 0.85 மடங்கில், அதாவது மணிக்குச் சுமார் 900 கி.மீ. வேகத்தில் செல்கின்றன, ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற சிறிய விமானங்கள் அதைவிடச் சற்று மெதுவாகவே பறக்கின்றன. இதற்கான காரணத்தில் பாதி இயற்பியலிலும் மீதி கால அட்டவணையிலும் இருக்கிறது.

இறக்கை விமானத்தைத் தாங்கிப் பிடிப்பதால் உண்டாகும் இழுவிசை (விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும் விசை), வேகம் கூடும்போது குறைகிறது. காற்றின் உராய்வால் உண்டாகும் இழுவிசையோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவில்தான் சிக்கனமான வேகம் அமைகிறது. ஒலி வேகத்தை நெருங்கும்போது இன்னொரு தடையும் சேர்ந்துகொள்கிறது: இறக்கையின் மேற்புறத்தில் காற்று விமானத்தைவிட விரைவாக ஓடுவதால், விமானம் எட்டுவதற்கு முன்பே அந்தக் காற்று ஒலி வேகத்தை எட்டி, அதிர்வலைகள் தோன்றி, இழுவிசை திடீரென ஏறிவிடுகிறது. 2001இல் போயிங் முன்வைத்த ‘சோனிக் குரூசர்’ விமானம் இந்த எல்லைக்கு மிக அருகில் பறக்கத் திட்டமிடப்பட்டது. விமான நிறுவனங்கள் வேகத்தைவிட எரிபொருள் சிக்கனத்தையே விரும்பியதால் 2002 இறுதியில் அது கைவிடப்பட்டு, பின்னர் 787 பிறந்தது.

அந்த விருப்பம் ஏன் நியாயமானது என்பதைச் சிறு கணக்கு ஒன்று காட்டும். சீரான உயரத்தில் 1,500 கி.மீ. பறக்கும் விமானம் தன் வேகத்தை 830இலிருந்து 860 கி.மீ.க்கு உயர்த்தினால் மிச்சமாவது நான்கு நிமிடம்கூட இல்லை. அட்டவணை போடுபவர்களுக்கு வானில் கழியும் நேரம் மட்டும் கணக்கல்ல. புறப்படும் நிலையத்தில் சக்கரம் நகர்வதிலிருந்து சேருமிடத்தில் நிற்பது வரையிலான ‘பிளாக் டைம்’தான் கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலேறுவது, இறங்குவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதற்குள் அடங்கும்; பயணத் தூரம் குறையக் குறைய இவற்றின் பங்கு பெருகி, வேகத்தின் பங்கு சுருங்குகிறது. மணிக்குச் சுமார் 500 கி.மீ. மட்டுமே செல்லும் ஏடிஆர் 72 போன்ற, உந்துசுழலியால் (புரொப்பல்லர்) இயங்கும் விமானங்கள் குறுந்தூரத் தடங்களில் ஜெட்டுகளுக்கு ஈடுகொடுப்பது இதனால்தான்.

எனவே குறுந்தூரத்தில் நேரத்தைச் சேமிக்க ஏற்ற இடம் தரை என்றே சொல்லலாம். 1972இல் பணநெருக்கடியால் தன் நான்கு விமானங்களில் ஒன்றை விற்க நேர்ந்த அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனம், நிலையத்தில் விமானம் நிற்கும் நேரத்தைப் பத்து நிமிடமாகக் குறைத்து, மூன்று விமானங்களைக் கொண்டே பழைய அட்டவணையை ஓட்டியது. எந்த இன்ஜினும் தந்திருக்க முடியாத ஆதாயம் அது.

நெடுந்தூரத்தில் நிலைமை வேறு. போவதற்கு 10 மணி 45 நிமிடம், வருவதற்கும் அவ்வளவே, இரு முனைகளிலும் ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு 24½ மணி நேரம் ஆகிறது. நாள்தோறும் ஒரே நேரத்தில் புறப்பட ஒரு விமானம் போதாது. ஒவ்வொரு வழியிலும் 15 நிமிடம் குறைந்தால், தாளிலாவது, ஒரே விமானம் போதும். எரிபொருள் செலவு சிறுகச் சிறுக ஏறுகிறது. நேரத்தின் மதிப்போ படிக்கட்டைப் போல ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தாவுகிறது. அடுத்த படியை எட்டாத நிமிடங்களுக்கு அட்டவணையில் அநேகமாக மதிப்பே இல்லை. இணைப்பு விமானம், பணிக்குழுவின் பணிநேர வரம்பு, இரவில் மூடப்படும் விமான நிலையம் ஆகிய எல்லாமே இப்படிப்பட்ட படிகள்தாம்.

இந்தப் பேரத்தை விமானிகள் ‘காஸ்ட் இண்டெக்ஸ்’ என்னும் எண்ணாகக் கணினியில் இடுகிறார்கள். நேரத்தைச் சார்ந்த செலவை எரிபொருள் விலையால் வகுத்தால் கிடைப்பது அது. எண் பூஜ்யமானால் எரிபொருள் மிகக் குறைவாகச் செலவாகும் வேகத்திலும், எண் உயர உயர விரைவாகவும் விமானம் பறக்கும். மணிக்கணக்கில் தரும் ஊதியமும் பறந்த நேரத்துக்கேற்ற பராமரிப்பும் நேரச் செலவில் சேரும். மாதக் குத்தகை சேராது, ஏனெனில் எந்த வேகத்தில் பறந்தாலும் அது மாறுவதில்லை. புறப்பாடு தாமதமாகி நூறு பேர் இணைப்பைத் தவறவிடும் நிலை வந்தால், வழக்கமாக வீணென்று ஒதுக்கும் அதே நான்கு நிமிடத்துக்காக எண்ணை உயர்த்துவது லாபமாகலாம்.

காற்றோ இந்தக் கணக்குகளையெல்லாம் எளிதில் மிஞ்சிவிடும். 2020 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று வலுவான மேலைக் காற்றின் துணையோடு நியூயார்க்கிலிருந்து லண்டனை ஐந்து மணி நேரத்துக்குள் அடைந்தது. ஆனால் முன்கூட்டியே வந்து சேரும் விமானத்துக்கு நிற்க இடமோ இறங்க முறையோ உடனே கிடைக்க வேண்டுமே! லண்டன் ஹீத்ரோவில் 2014 முதல், நெரிசல் இருக்கும்போது வந்துகொண்டிருக்கும் விமானங்களை 350 கடல் மைல் தொலைவிலேயே மெதுவாகப் பறக்கச் சொல்லும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. நிலையத்தின் மேல் வட்டமடித்து எரிக்க வேண்டிய எரிபொருள் அதனால் மிஞ்சுகிறது, தரையிறங்கும் நேரமோ பெரும்பாலும் மாறுவதில்லை.