ஹத்தாத்: ஒரே பெயர், பல பட்டறைகள்

அரபியில் இரும்புக்கு ஹதீத் என்று பெயர். அதைக் காய்ச்சி அடிப்பவர் ஹத்தாத். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: ஹா, தால், தால் என்ற மூன்று மெய்கள். தமிழில் 'தச்சு' என்பதோடு 'அர்' சேர்த்தால் தச்சர். விகுதி வெளியே ஒட்டுகிறது. அரபியில் மாற்றம் வேருக்கு உள்ளேயே நடக்கிறது. நடுமெய்யை இரட்டித்து, அதையடுத்து நெடில் 'ஆ' வைத்தால் அந்தத் தொழிலைச் செய்பவர் வந்துவிடுவார். மரவேலை செய்பவர் நஜ்ஜார், ரொட்டி சுடுபவர் கப்பாஸ், துணி தைப்பவர் கய்யாத். எல்லாமே இன்று குடும்பப் பெயர்கள்.

இந்த அச்சில் வார்த்த பெயரைப் பார்த்து உறவுமுறை கணக்கிடுவதுதான் பலர் செய்யும் தவறு. கலப்பைக்கும் லாடத்துக்கும் எல்லா ஊருக்கும் ஒரு கொல்லர் தேவைப்பட்டார். ஊருக்கு ஊர் அந்தப் பெயர் தனித்தனியாக முளைத்தது. முஸ்லிம், கிறிஸ்தவர், யூதர் என மூன்று சமயத்தாரிடமும் ஹத்தாத்கள் இருப்பது அதனால்தான். பெண்ணுரிமைக்காக 1930-இல் நூல் எழுதிய துனீசியாவின் தாஹிர் ஹத்தாத் (1899–1935), பிரெஞ்சில் எழுதிய அல்ஜீரியக் கவிஞர் மாலிக் ஹத்தாத் (1927–1978), லெபனான் எழுத்தாளர் ஜுமானா ஹத்தாத் ஆகிய மூவரையும் இணைக்க இந்தப் பெயர் மட்டும் போதாது. ஆங்கிலத்தில் கொல்லரைக் குறிக்கும் 'ஸ்மித்' என்ற பெயரின் கதையும் இதேதான். பிரிட்டனில் 40 குடும்பப் பெயர்களை எடுத்து, தந்தைவழி வரும் ஒய் குரோமோசோமை ஒப்பிட்ட ஆய்வு 2009-இல் வெளியானது. அரிய பெயர்களில் பொது மூதாதையின் தடம் தெளிவாகத் தெரிந்தது. ஸ்மித்களிடம் அப்படி ஒன்றும் தெரியவில்லை.

தொழில் பெயர் என்பதால் முன்னோர் கொல்லராகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஏமனில் ஹத்ரமவுத் பகுதியிலுள்ள தரீம் நகரின் இமாம் அப்துல்லாஹ் அல்ஹத்தாத் (1634–1720) நபிவழி வந்த சய்யிதுக் குடும்பத்தவர். அவருடைய முன்னோர் ஒருவர் ஒரு கொல்லரின் கடையில் அடிக்கடி போய் உட்கார்ந்திருப்பாராம். அதனால் அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது என்பது குடும்ப வழக்கு. தமிழ் முஸ்லிம்கள் ஓதும் ஹத்தாத் ராத்திபு என்ற துதித் தொகுப்பு இவர் தொகுத்ததே. சம்மட்டி பிடிக்காத குடும்பத்துக்குச் சம்மட்டியின் பெயர்!

எழுத்தில் இன்னொரு சிக்கல். ஹத்தாத் என்று எழுத ஹா, தால், அலிஃப், தால் என நான்கே எழுத்துகள். இரட்டிப்பைக் காட்டும் 'ஷத்தா' முதல் தாலின் தலைமேல் உட்காரும் சின்னக் குறி. அன்றாட அச்சில் அதைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். குறி இல்லாத அதே நான்கு எழுத்துகளை 'ஹிதாத்' என்றும் வாசிக்கலாம், அதற்குத் துக்கம் காத்தல் என்று பொருள். வாக்கியத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அராமியர்களின் புயல் கடவுள் ஹததையும் இதோடு முடிச்சுப் போடக்கூடாது. அந்த ஹகரம் வெறும் மூச்சொலி. கொல்லரின் ஹகரம் தொண்டையை இறுக்கி எழுவது. அரபியில் இரண்டுக்கும் வெவ்வேறு எழுத்து. தமிழிலோ இரண்டும் 'ஹ'தான், அதனால் நமக்கு இந்தக் குழப்பம் எளிதில் வரும்.

கடல் கடந்தால் உச்சரிப்பும் உருமாறும். சாவோ பாவ்லோ மேயராக 2013 முதல் 2016 வரை இருந்து, 2023-இல் பிரேசிலின் நிதியமைச்சரான பெர்னாண்டோ ஹத்தாத் லெபனானியர் ஒருவரின் மகன். போர்ச்சுகீசியத்தில் முதல் ஹகரம் ஒலிக்காது, கடைசித் தகரம் 'ஜி' ஆகிவிடும். பிரேசில்காரர் வாயில் அவர் ஏறக்குறைய 'அதாஜி'.

ஆகவே ஒரு ஹத்தாத் குடும்பத்தின் வேரைத் தேடுபவர் முதலில் அரபி எழுத்தில் பெயரைப் பெற வேண்டும். அடுத்து ஊர். அதன்பின் 'இப்னு' (இன்னாரின் மகன்) போட்டு அடுக்கிவரும் தந்தை, பாட்டன், முப்பாட்டன் பெயர்கள். உண்மையான வழித்தடம் அந்த அடுக்கில்தான் இருக்கிறது. அல்ஜீரியாவில் பிரெஞ்சு ஆட்சி 1882-இல் சட்டம் போட்டுத்தான் எல்லோரையும் நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளச் செய்தது. அதற்கு முந்தைய ஆவணங்களில் 'ஹத்தாத்' என்று மட்டும் தேடினால் ஆள் கிடைக்காமல் போகலாம். அங்கே அவர் இன்னாருடைய மகன் இன்னார் என்றே பதிவாகியிருக்கக்கூடும்.