டார்க்னஸைக் கூட்டும் முன் ஹெட்டைத் துடையுங்கள்

லேபிள் பிரிண்டர் சர்வீஸுக்காக நான் போகும் கடைகளிலும் குடோன்களிலும் செட்டிங்கைத் திறந்தால் டார்க்னஸ் பெரும்பாலும் உச்சத்தில்தான் இருக்கும். மங்கலாக வருகிறதே என்று ஒருவர் கூட்டியிருப்பார், அடுத்த ஷிப்டில் வந்தவர் இன்னும் கொஞ்சம் கூட்டியிருப்பார். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். தெர்மல் பிரிண்டரில் டார்க்னஸ் என்பது சூடு. அளவுக்கு மீறினால் பார்கோடின் கோடுகள் தடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மை பூசிய ரிப்பன் சுருங்கும், சூடாகி அச்சடிக்கும் பாகமான ஹெட்டின் ஆயுளும் குறையும். மாற்ற வேண்டி வந்தால் அதிகம் செலவு வைக்கும் பாகம் அந்த ஹெட்தான்.

மங்கலுக்கு முதல் சந்தேகம் அழுக்கின் மேல்தான் விழ வேண்டும். பிரிண்டரை அணைத்து, ஹெட் ஆறியதும், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஹெட்டில் குறுக்காக ஓடும் மெல்லிய கோட்டை மெதுவாகத் துடையுங்கள். முதல் குச்சி கறுப்பாக வரும். வெள்ளையாக வரும்வரை குச்சியை மாற்றிக்கொண்டே இருங்கள். ரப்பர் உருளையையும் சுற்றிச் சுற்றித் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு ஆன் செய்யுங்கள். ரிப்பன் மாற்றும்போதெல்லாம் இதைச் செய்வது நல்லது. பசை ஒட்டியிருக்கிறதே என்று பிளேடால் மட்டும் சுரண்டிவிடாதீர்கள். துடைத்த பிறகும் லேபிளின் நீளவாக்கில் அதே இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்தால், ஹெட்டில் அந்த இடத்தில் சூடாக வேண்டிய புள்ளி போய்விட்டது என்று அர்த்தம்.

சரி, இப்போது சூட்டை நடுவில் வைத்து, வேகத்தை நொடிக்கு 4 அங்குலத்திலிருந்து 3 ஆகக் குறைத்து ஒன்று அடித்துப் பாருங்கள். அதிலேயே தெளிவு வந்துவிட்டால் சூட்டைத் தொட வேண்டாம். ரிப்பனும் பொருந்த வேண்டும்: பேப்பர் லேபிளுக்கு வேக்ஸ் (மெழுகு மை) ரிப்பன், பாலியஸ்டர் லேபிளுக்கு ரெசின் (பிசின் மை) ரிப்பன். பாலியஸ்டரில் வேக்ஸைப் போட்டால் கையால் தேய்த்தாலே எழுத்து அழிந்துவிடும்.

ஸ்கேன் ஆகாத பார்கோடுக்கு இன்னொரு காரணம் டிசைனிலேயே இருக்கும். 203 டிபிஐ (அங்குலத்துக்கு 203 புள்ளி) ஹெட்டில் 1 மி.மீட்டருக்கு 8 புள்ளிகள். கடைப் பொருள்களில் இருக்கும் 13 இலக்க ஈஏஎன்-13 பார்கோடின் மெல்லிய கோட்டுக்கு வழக்கமான அளவு 0.33 மி.மீ. அது சுமார் 2.6 புள்ளி; புள்ளியை முழுதாகத்தான் அடிக்க முடியும், பாதியாக அடிக்க முடியாது. 3 புள்ளி, அதாவது 0.375 மி.மீ. வைத்தால் சரியாக வரும். பிடிஎஃப்பை ‘ஃபிட் டு பேஜ்’ கொடுத்துச் சுருக்கினால் ஒரு கோடு 2 புள்ளியாகவும் பக்கத்துக் கோடு 3 ஆகவும் விழும், ஸ்கேனர் திணறும்.

வேகம் போதவில்லை என்பவர்கள் சாஃப்ட்வேரையும் பார்க்க வேண்டும். ஒரே லேபிளை 500 தடவை தனித்தனிப் படமாக அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் பிரிண்டர் நின்று நின்று ஓடும். பிரிண்டரின் சொந்தக் கட்டளை மொழியில் டிசைனை ஒருமுறை அனுப்பி, எண்ணிக்கை 500 என்று கொடுத்தால் நிற்காமல் அடிக்கும். புதிய பிரிண்டர் வாங்கும் முன் உங்கள் பில்லிங் சாஃப்ட்வேர்காரரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.