இருமல் நின்றுவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். காசநோய்க்கு மருந்து வாங்க வருகிறவர்கள் இரண்டாம் மாதம் முடியும்போது அநேகமாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். “இருமல் நின்னுடுச்சு, எடையும் ஏறிடுச்சு. இன்னும் நாலு மாசம் எதுக்கு?” நியாயமான கேள்வி. “டாக்டர் சொன்னா சாப்பிடுங்க” என்று சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. காரணம் தெரிந்தவர்கள்தான் கடைசி மாத்திரை வரை போகிறார்கள் என்பது என் அனுபவம்.

முதல் இரண்டு மாதம் ரிஃபாம்பிசின், ஐசோனியசிட், பைரசினமைடு, எத்தாம்புடால் ஆகிய நான்கும் கலந்த மாத்திரை. அடுத்த நான்கு மாதம் முதல் இரண்டு மட்டும். ஐசோனியசிட் கிருமியின் மேலுறை கட்டப்படுவதைத் தடுக்கிறது. ஆகவே, வளர்ந்து பெருகும் கிருமி அதற்கு எளிதில் மடியும். இருமலும் காய்ச்சலும் அடங்குவது இந்தக் கூட்டம் அழிவதால்தான். பெருகாமல் கிடக்கும் கிருமிதான் சிக்கல். நுரையீரலில் நம் உடல் அதைச் சுற்றி உயிரணுக்களால் ஒரு கட்டி எழுப்புகிறது. அதன் நடுவில் ஆக்சிஜன் மிகக் குறைவு. அங்கே மாட்டிய கிருமி சும்மா கிடப்பதில்லை, எந்தப் புரதம் வேண்டும், எது வேண்டாம் என்று தன் வேலையையே மாற்றி அமைத்துக்கொள்கிறது.

இதில் டிரான்ஸ்ஃபர் ஆர்என்ஏவின் பங்கு பெரிது. கட்டட வேலையில் கொத்தனார் கேட்கும் கல்லைச் சித்தாள் பார்த்து எடுத்துக் கொடுப்பதுபோல, புரதத்தைக் கட்டும் ரைபோசோம் மரபணுச் செய்தியில் படிக்கும் ஒவ்வொரு மூன்றெழுத்துக் குறிக்கும் உரிய கல்லான அமினோ அமிலத்தைக் கொண்டுவந்து சேர்ப்பது இந்தச் சிறிய மூலக்கூறுதான். ஒரே அமினோ அமிலத்துக்குப் பல குறிகள் உண்டு. திரியோனின் என்ற அமினோ அமிலத்துக்கு ஏசிஜி, ஏசிசி, ஏசிஏ, ஏசியு என்று நான்கு. எதை எழுதினாலும் வருவது அதே திரியோனின்தான். அப்படியானால் எந்தக் குறி இருந்தால் என்ன என்று நாங்கள் படித்த காலத்தில் பாடத்தை முடித்துவிடுவார்கள்.

விஷயம் அங்கே முடியவில்லை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தையும் சிங்கப்பூரையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பிறந்த குழந்தைக்கு நாம் போடும் பிசிஜி தடுப்பூசியில் உள்ள கிருமியை எடுத்துக்கொண்டார்கள். அது காசநோய்க் கிருமிக்கு நெருங்கிய உறவு. ஆக்சிஜன் குறையக் குறைய, அதன் டிரான்ஸ்ஃபர் ஆர்என்ஏக்களில் உள்ள 40 வகை வேதி மாற்றங்களின் அளவு ஏறி இறங்கியது. திரியோனினைச் சுமக்கும் ஒன்றில் குறியைப் படிக்கும் இடத்தில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் கூடியது. அதோடு, ஏசிஜி குறி நிறைந்த மரபணுக்களின் புரதங்களும் கூடுதலாக உருவாயின. ஆக்சிஜன் இல்லாமல் தாக்குப்பிடிக்கும் வேலைகளை நடத்தும் தலைமைப் புரதமான டாஸ்ஆர் அவற்றில் ஒன்று. அந்த மரபணுவின் குறிகளை மட்டும் மாற்றி எழுதியபோது, புரதம் உருவாகும் அளவும் கிருமி பிழைக்கும் விதமும் மாறின.

காசநோய்க் கிருமியிடம் இதைவிடக் கடுமையான வழியும் இருக்கிறது. தன் டிரான்ஸ்ஃபர் ஆர்என்ஏவைத் தானே வெட்டும் நச்சுப் புரதங்களை வைத்திருக்கிறது. வாப்சி4 என்ற நச்சு, சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்துக்கென்று அதனிடம் உள்ள ஒரே டிரான்ஸ்ஃபர் ஆர்என்ஏவை வெட்டுகிறது. வளர்ச்சி நிற்கிறது, தற்காப்பு ஏற்பாடுகள் தொடங்குகின்றன. நான் படித்ததிலேயே என்னை மிகவும் வியக்க வைத்த செய்தி இது.

இப்படி ஒடுங்கிய கிருமியின் மரபணு மாறவில்லை. அது மருந்தை எதிர்க்கும் கிருமி அல்ல, மருந்து எளிதில் கொல்ல முடியாத நிலையில் கிடக்கும் கிருமி. அது விழிக்கும் நாளில் உடம்பில் மருந்து இருக்க வேண்டும். மீதி நான்கு மாதம் அதற்குத்தான். நடுவில் நிறுத்தினால் மறுபடி பெருகும். விட்டுவிட்டுச் சாப்பிட்டால், பெருகும்போது தற்செயலாக மரபணு மாறிப் பிறப்பவை மட்டும் தப்பித்து நிலைக்கும்.

அந்த எதிர்ப்புக் கிருமி ஒருவரோடு நிற்பதில்லை. நம் குவாசூலு-நட்டால் மாகாணத்திலேயே, துகேலா ஃபெரியில் கண்டறிந்து 2006இல் உலகுக்குத் தெரியவந்த அதிதீவிர மருந்து எதிர்ப்புக் காசநோயில், 53 பேரில் 52 பேர் இறந்தார்கள். எச்ஐவியும் சேர்ந்துகொண்டது பெரிய காரணம். ஆனால் விவரம் தெரிந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அதற்கு முன் காசநோய் மருந்தைத் தொட்டதே இல்லை. அவர்களுக்குத் தொற்றியதே எதிர்ப்புக் கிருமிதான்.

நம்மவர்களுக்கென்று இரண்டு விஷயம். காவடி விரதத்திலும் புரட்டாசி விரதத்திலும் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். ஓர் அக்கா, “முருகனுக்கு விரதம் இருக்கும்போது மருந்து சாப்பிடலாமா தம்பி?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். தாராளமாகச் சாப்பிடலாம். ரிஃபாம்பிசினும் ஐசோனியசிடும் வெறும் வயிற்றில் இன்னும் நன்றாகவே உடம்பில் சேரும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் விரதத்துக்கு முன் கிளினிக்கில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்தச் சர்க்கரைதான் இரண்டாவது. அது இருந்தால் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடுகிறது. ரிஃபாம்பிசினோ சில சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தைக் குறைத்துவிடும். கருத்தடை மாத்திரைக்கும் அதே கதிதான். என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று ஒன்று விடாமல் சொல்லுங்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனால் பயப்பட வேண்டாம், ரிஃபாம்பிசினால் வருவது. கண் மஞ்சளானாலோ, பார்வை மங்கினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ அன்றைக்கே வாருங்கள். சில நாள் மாத்திரை விட்டுப்போயிருந்தாலும் மறைக்காமல் வாருங்கள். விட்டதைச் சேர்த்து இரட்டிப்பாக விழுங்க வேண்டாம், எங்கிருந்து தொடர்வது என்று பார்த்துச் சொல்கிறோம்.