அடுத்த நாடு எது? தேர்வுக்குப் பின்னுள்ள கணக்கு

ஒரு தொழில்நுட்ப நிறுவனம் சொந்த நாட்டில் நிலைபெற்றதும், அடுத்து எந்த நாட்டில் கால் பதிப்பது என்ற கேள்வி எழுகிறது. பெரும்பாலும் முதலில் எடுக்கப்படுவது மக்கள்தொகையும் மொத்த உள்நாட்டு உற்பத்தியும் அடங்கிய ஒரு பட்டியல். அதில் முதலிடம் பெறும் நாடே சரியான தேர்வு என்று தோன்றுவதும் இயல்பு. ஆனால் சந்தையின் அளவு கணக்கின் ஒரு பாதிதான். மறுபாதி தூரம்.

1962-ல் நெதர்லாந்துப் பொருளியலாளர் யான் டின்பெர்கன், நாடுகளுக்கிடையிலான வணிகத்தை நியூட்டனின் ஈர்ப்பு விதியைப் போன்ற ஒரு சமன்பாட்டில் அடக்கிக் காட்டினார். இரு பொருளாதாரங்களும் பெரிதாக இருந்தால் அவற்றுக்கிடையே வணிகம் பெருகும். இடைத்தூரம் கூடக்கூட அது சுருங்கும். தூரம் இரட்டிப்பானால் வணிகம் ஏறத்தாழப் பாதியாகிறது என்பது பின்னர் வந்த ஏராளமான மதிப்பீடுகளின் பொதுப்போக்கு. கப்பலில் செல்லும் சரக்குக்கு இது பொருந்துவதில் வியப்பில்லை. மென்பொருளுக்கு ஏற்றுகூலியே கிடையாதே என்று கேட்கலாம். அமெரிக்கர்கள் எந்தெந்த நாட்டு இணையதளங்களைப் பார்க்கிறார்கள் என்று ஆராய்ந்து 2006-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. இசை, விளையாட்டு போன்ற, ரசனையைச் சார்ந்த சேவைகளில் தூரம் கூடினால் வருகை குறைந்தது. ரசனையை அதிகம் சாராத மென்பொருள் போன்றவற்றில் அந்த விளைவு தென்படவில்லை. ஆக, தூரத்தின் வலிமை நாம் எதை விற்கிறோம் என்பதைப் பொறுத்தது. எந்த நாடு என்று கேட்பதற்கு முன், நம் பொருள் எந்த வகைத் தூரத்துக்கு அஞ்ச வேண்டியது என்று கேட்பதே சரியான வரிசை என்பது என் உறுதியான கருத்து.

இயற்பியல் தூரத்தையே முதலில் பார்ப்போம். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. சேவையை இயக்கும் கணினியான வழங்கி 10,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் ஒரு செய்தி போய் மறுமொழி திரும்ப 100 மில்லிநொடி ஆகும். கடலடிக் கம்பிவடங்கள் நேர்கோட்டில் செல்லாததால் நடைமுறையில் இன்னும் கூடும். ஒரு பாதுகாப்பான இணைப்பைத் தொடங்க ஒருமுறை, மறையாக்கச் சாவிகளைப் பரிமாற ஒருமுறை, பக்கத்தைக் கேட்டுப் பெற ஒருமுறை எனப் பொதுவாக மூன்று முறை போய்வர வேண்டும் என்பதால், திரையில் முதல் எழுத்து தோன்றுமுன்பே 300 மில்லிநொடி கழிந்துவிடுகிறது. கணக்கு எழுதும் மென்பொருளுக்கு இது பொருட்டல்ல. பலர் சேர்ந்து ஆடும் இணைய விளையாட்டுக்கோ காணொளி உரையாடலுக்கோ மிகப் பெரிய தடை. எனவே வழங்கியைப் பயனருக்கு அருகில் கொண்டுசெல்ல வேண்டியிருக்கிறது.

வழங்கி எங்கே இருக்கிறது என்ற கேள்வி அடுத்ததாகச் சட்டத்தின் எல்லைக்குள் நம்மைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ளது. கடுமையான மீறல்களுக்கு 2 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 4 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம். 2020 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம், அமெரிக்காவுக்குத் தரவுகளை அனுப்புவதற்கான ஏற்பாடு ஒன்றைச் செல்லாது என்று தீர்ப்பளித்தபோது, அதை நம்பியிருந்த நிறுவனங்கள் அனைத்தும் மாற்றுவழி தேட நேர்ந்தது. அதே வேளையில், ஒருமுறை இந்தச் சட்டத்துக்கு ஏற்பத் தம்மை அமைத்துக்கொண்டால் அந்த உழைப்பு 27 நாடுகளுக்கும் பெரும்பாலும் செல்லுபடியாகிறது. செலவின் அளவைவிட, அது எத்தனை நாடுகளுக்குப் பங்கிடப்படுகிறது என்பதே முக்கியம். வரியைப் பற்றி நீண்ட விவாதங்கள் நடக்கின்றன. வளரும் நிலையிலுள்ள நிறுவனத்துக்கு, பயனர்கள் எங்கே கிடைப்பார்கள் என்பதோடு ஒப்பிட்டால், அது இரண்டாம் நிலைக் காரணிதான்.

பயனர்களின் பழக்கம் இதைவிட ஆழமான தூரம். ஜப்பானில் இணைய ஏலச் சந்தையை யாகூ ஜப்பான் 1999-ல் தொடங்கியது. அமெரிக்க இணைய ஏல நிறுவனமான ஈபே 2000-ல் வந்து சேர்ந்தது. இடைவெளி சில மாதங்கள்தான். ஆனால் ஏலத்தில் விற்பவர்கள் வாங்குவோர் கூட்டத்தையும் வாங்குபவர்கள் பொருட்களின் எண்ணிக்கையையும் தேடி வருவார்கள். எனவே முதலில் நிறைந்த தளம் மேலும் நிறைகிறது. போட்டியாளர் கட்டணமின்றி நடத்தியபோது ஈபே தரகு வசூலித்தது, கடன் அட்டை எண்ணையும் கேட்டது. 2002-ல் அது ஜப்பானிலிருந்து வெளியேறியது. உலகின் மிகச் செழிப்பான சந்தைகளுள் ஒன்று அது என்ற உண்மை எந்த வகையிலும் உதவவில்லை. கென்யாவில் 2007-ல் தொடங்கிப் பெருவெற்றி பெற்ற எம்-பெசா கைபேசிப் பணச்சேவைக்கும் இத்தகைய அனுபவம் உண்டு: 2010-ல் தென்னாப்பிரிக்காவில் அறிமுகமாகி 2016-ல் மூடப்பட்டது. கென்யாவைவிட அங்கே வங்கிக் கணக்கு வைத்திருந்தவர்கள் மிக அதிகம். சேவை தீர்த்துவைக்க வந்த சிக்கல் அங்கே அந்த அளவில் இல்லை.

இத்தனை காரணிகளையும் ஒன்றுசேர்க்கும் இடத்தில்தான் நுட்பமான பிழை நிகழ்கிறது. வழக்கமாக ஒவ்வொரு காரணிக்கும் பத்துக்கு இத்தனை என மதிப்பெண் இட்டுக் கூட்டிப் பார்க்கிறார்கள். ஒரு நாடு சந்தை அளவில் 9, பணம் செலுத்தும் வசதியில் 8, போட்டிச் சூழலில் 7, சட்ட அனுமதியில் 1 பெறுகிறது என்று கொள்வோம், கூட்டுத்தொகை 25. இன்னொரு நாடு நான்கிலும் 6 பெறுகிறது, கூட்டுத்தொகை 24. முதல் நாடு முந்துகிறது. ஆனால் விற்பனை என்பது இந்தப் படிகள் அனைத்தையும் கடந்த பின்பே நிகழ்வதால், மதிப்பெண்களைப் பெருக்குவதே உண்மைக்கு நெருக்கமானது. பெருக்கினால் முதல் நாட்டுக்கு 504, இரண்டாவதற்கு 1,296. உரிமம் கிடைக்காத நாட்டில் பெரிய சந்தை இருந்தும் பயனில்லை என்று அனுபவசாலிகள் உணர்ந்து சொல்வதை இந்தப் பெருக்கல் எண்ணில் காட்டுகிறது.

மதிப்பெண்களுக்கு மூலமாகும் தரவரிசைகளையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. நாடுகளில் தொழில் நடத்தும் எளிமையை வரிசைப்படுத்திவந்த உலக வங்கியின் அறிக்கை, 2018, 2020 பதிப்புகளின் தரவுகளில் முறைகேடு கண்டறியப்பட்டதைத் தொடர்ந்து 2021 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது.

தேர்வு ஒரு நாட்டோடு முடிவதுமில்லை. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1977-ல் முன்வைத்த கோட்பாட்டின்படி, நிறுவனங்கள் தமக்குப் பழக்கமான சூழலுள்ள நாட்டில் தொடங்கி, அங்கே கற்றதை வைத்துப் படிப்படியாக அந்நியமான நாடுகளுக்கு நகர்கின்றன. நெட்ஃபிளிக்ஸ் 2010-ல் கனடாவுக்கும், 2011-ல் இலத்தீன் அமெரிக்காவுக்கும், 2012-ல் பிரிட்டனுக்கும் சென்றது; 2016 ஜனவரியில் 130-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஒரே நாளில் சேவையைத் திறந்தது. கனடா பெரிய சந்தை என்பதற்காக மட்டும் முதலில் வரவில்லை. மொழியும் ரசனையும் பெரிதும் ஒத்திருந்த, அயல்நாட்டு உரிமங்களையும் நாணயத்தையும் கையாளப் பழகிக்கொள்ளத்தக்க இடமாக அது இருந்தது.

இவற்றையெல்லாம் கணக்கிட்ட பிறகும் தேர்ந்த நாடு ஓர் ஊகமே என்பதால், அங்கே கிளை நிறுவனம் பதிவு செய்வதற்கு முன் எல்லைக்கு வெளியிலிருந்தே சிறிய அளவில் விற்றுப் பார்ப்பது நல்லது. அப்போது அளக்க வேண்டியது புதிதாகச் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையை அல்ல. மூன்று மாதம் கழித்தும் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், எத்தனை பேர் பணம் செலுத்தும் பக்கம்வரை வந்து திரும்பிவிடுகிறார்கள் என்பதை. பொருளை விரும்பிய பயனர் கடைசிப் படியில் விலகினால், அந்நாட்டுப் பணச்செலுத்து முறையை இணைத்தாலே நிலைமை மாறக்கூடும். முதல் வாரத்திலேயே விலகினால் அந்நாட்டுக்கு அந்தப் பொருள் தேவைப்படவில்லை. இந்தச் சோதனைக் காலத்தில் ஒன்றில் விழிப்பு தேவை: நிறுவனத்தின் சார்பில் ஒப்பந்தங்களை வழக்கமாக முடித்துத்தரும் ஒரே ஒரு விற்பனையாளர் அங்கே இருந்தாலும், பல நாடுகளின் வரி உடன்படிக்கைகள் அதை நிலையான தொழிலகமாகவே கருதும், அதன் ஈட்டத்துக்கு வரிப்பொறுப்பு அங்கேயே தொடங்கிவிடும்.